ஓவியர் சமைத்த ஊர்



கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்தை அடுத்து, அனுமந்தன்பட்டி என்னும் பேரூர் இருக்கிறது. முல்லையாற்றின் நீர் பாயும் நெல்வயல்களும், பந்தலில் படர்ந்த திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த வட்டாரம் அது. அவ்வூரிலிருந்து உத்தமபாளையத்துக்குக் கல்வி பயிலச் செல்லும் மாணவர்களிற் பலர், அங்கே பாறையொன்றில் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ள சமணத் திருவுருவங்களைக் கண்டிருப்பார்கள். ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய சிற்பங்கள் அவை. அவற்றின் அருகே வட்டெழுத்தில் கல்வெட்டுகள் உள்ளன. அக்கல்வெட்டுகளில் அச்சணந்தி என்னும் புகழ்பெற்ற சமண முனிவரின் பெயர் காணப்படுகிறது. உருவங்களைச் செய்வித்த பெரியோர்களின் பெயர்களை அறிகிறோம். ஆனால் வெயிலில் நின்று உளி பிடித்துச் செதுக்கிய சிற்பி யார்? அதைக் கல் சொல்லவில்லை.

நம் நாட்டுக் கலை வரலாற்றில் இதுவே பெருவழக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனின் பெயரோடு குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பதை நாம் வியந்து வியந்து பேசுகிறோம். அவ்வாறு வியப்பதே அது எத்துணை அரிய நிகழ்ச்சி என்பதைக் காட்டிவிடுகிறது. செய்விப்பவன் ஒருவன், செய்பவன் ஒருவன் என்பது பழைய ஏற்பாடு. என்ன உருவம், எவ்வளவு உயரம், எந்த இடம் என்பவற்றையெல்லாம் செய்விப்பவனே தீர்மானித்தான். கூலியும் அவன் கொடுத்தான். ஆகையால் பெயரும் அவனுடையதாயிற்று.

இக்காலத்திற் சில கலைஞர்கள், செய்விப்பவனையும் காட்டுவிப்பவனையும் எதிர்பாராமல், தாமே ஓர் இடத்தை அமைத்துக்கொண்டு, அதில் எந்தக் கண்காட்சியை வைப்பது, எந்த நாடகத்தை ஆடுவது, யாரை அழைப்பது என்பவற்றைத் தாமே முடிவு செய்கிறார்கள். உலகத்தின் பல நகரங்களில் இன்று இத்தகைய கலைமனைகள் உண்டு. நம் தமிழ்நாட்டில் அவ்வாறு எழுந்த ஒன்று, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இச்செய்தி உங்களுக்கு முற்றிலும் புதியதாய் இராது. அனுமந்தன்பட்டியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் திருவிழா வந்தால், ஊரார் தலைக்கட்டு வரி திரட்டிக் கூத்துக்கும் நாடகத்துக்கும் ஏற்பாடு செய்வது வழக்கம். சிவப்பும் பச்சையுமாக அச்சடித்த விளம்பரத் தாளில், வள்ளி திருமணத்தில் முருகனாக வருபவர் எந்த ஊர்க்காரர், வள்ளியாக வருபவர் எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் போட்டிருக்கும். இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ஒருவர் மதுரையிலிருந்து வருவார். மற்றொருவர் புதுக்கோட்டையிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த கதையும் பாட்டும் மனத்தில் இருக்கும். மேடையேறியதும் விடியும்வரை தர்க்கம் நடக்கும். அந்நடிகர்கள் தங்களுக்கென்று மதுரை முதலிய ஊர்களில் சங்கம் அமைத்துத் தொழிலை நடத்தி வருகிறார்கள். ஆக, தொழில் நடிகர்களுடையது. நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஊராருடையது. வரி கொடுத்தவர் எழுந்து, ‘அரிச்சந்திரன் வேண்டாம், வள்ளி திருமணமே வையுங்கள்’ என்றால் அதை மறுக்க முடியாது. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே நிகழ்ச்சி நிரலும் வருகிறது.

கலைஞரே நடத்தும் அரங்குகளின் கதை முழுவதும் இந்த ஒரு முடிச்சைச் சுற்றியே அமைந்துள்ளது. எதைக் காட்டுவது என்று கலைஞன் தானே தீர்மானிக்க வேண்டுமானால், அதற்குரிய பணம் எங்கிருந்து வரவேண்டும்?

பாரிஸ் நகரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்நகரத்து ஓவியர்களுக்கு ‘சலோன்’ எனப்பட்ட அரசாங்க ஆதரவு பெற்ற பெருங்கண்காட்சியே வாழ்வும் தாழ்வுமாக இருந்தது. அங்கே நடுவர் குழு ஏற்றுக்கொண்டால் படம் விலைபோகும். தள்ளிவிட்டால் ஓவியன் பட்டினிதான். மோனே, பிஸ்ஸாரோ, ரெனுவார், தெகா, பெர்த் மோரிஸோ முதலிய ஏறத்தாழ முப்பது பேர் 1874இல் தாமே பங்கு போட்டு ஒரு சங்கம் அமைத்து, நாதார் என்னும் புகைப்படக் கலைஞர் முன்பு தொழில் நடத்திய கூடத்தில் தங்கள் படங்களை வைத்தார்கள். நடுவர் எவரும் இல்லை. அவர்களைக் கேலி செய்வதற்காகச் சூட்டப்பட்ட பெயரே பின்னர் ‘இம்ப்ரெஷனிசம்’ என்னும் பெரும் இயக்கத்தின் பெயராக நிலைத்தது என்பதை நீங்கள் பாடநூல்களிற் படித்திருக்கலாம். பாடநூல்கள் அவ்வளவாகச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே அச்சங்கம் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. பிற்காலத்தில் அவர்கள் மீண்டும் மீண்டும் கூடிக் கண்காட்சி நடத்தினார்கள் என்பது வேறு. துணிவு இருந்தது, திறமை இருந்தது. மாதக் கடைசியில் வாடகை கொடுக்க வழியில்லை.

நமக்கு அண்மையில் இலங்கையில், 1943இல், லயனல் வெண்ட், ஜார்ஜ் கீட், ஹாரி பீரிஸ் முதலியோர் கொழும்பில் ‘43 குழு’ என்ற பெயரால் கூடித் தாமே கண்காட்சிகளை நடத்தினார்கள். அடுத்த ஆண்டு, 1944இல், சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் கே. சி. எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளமையில் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். இருபத்தைந்து வயதில் அவ்வேலையை உதறிவிட்டுச் சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். நிலையான சம்பளத்தை விட்டுவிட்டு வண்ணக் கிண்ணத்தைத் தேடி வருபவரை அன்றைய உலகம் என்ன சொல்லியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். அந்தக் கலைப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கியது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதற்குத் தலைவராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணமே. அவருக்குப் பின் 1957இல் பணிக்கர் முதல்வரானார்.

முதல்வரான பணிக்கரை ஒரு கவலை வாட்டியது. ஆண்டுதோறும் நல்ல ஓவியர்களும் சிற்பிகளும் பயிற்சி முடித்து வெளியேறுகிறார்கள். அதன்பின் அவர்கள் என்ன ஆகிறார்கள்? அந்நாளைய சென்னையில் புதுமுறை ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. கண்காட்சி வைக்க நல்ல கூடங்களும் மிகச் சில. ஆகவே ஒருவர் பள்ளியில் சித்திர ஆசிரியராவார். ஒருவர் விளம்பர நிலையத்திற் சேர்வார். ஒருவர் நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்குக் கோலம் வரைவார். இவற்றில் இழுக்கு ஒன்றும் இல்லை. காந்தியடிகளைப் பற்றிய கோட்டோவியங்களாலும், கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு வரைந்த சித்திரங்களாலும் தமிழ் வாசகர் நெஞ்சில் இடம்பெற்ற ஆதிமூலமே நெசவாளர் சேவை மையத்திற் பணியாற்றியவர்தாம். ஆயினும், பகலெல்லாம் அலுவலகத்தில் இருந்துவிட்டு இரவில் விளக்கடியில் வண்ணம் குழைப்பவர்களுள் எத்தனை பேர் பத்தாண்டுகள் தாக்குப்பிடிப்பார்கள்? பலருடைய தூரிகை மெல்ல மெல்ல உலர்ந்துபோயிற்று.

இதற்குப் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கண்ட வழி மிக எளியது. எளியதாகையால் பலருக்குத் தோன்றாதது. நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்குக் கொடுப்பது. மற்றொரு பகுதியைக் கலைக்கு வைத்துக்கொள்வது. கைவினைப் பொருளை விற்றுச் சோறு உண்பது. ஓவியத்தை விலை போகுமோ போகாதோ என்ற கவலையில்லாமல் வரைவது. 1963ஆம் ஆண்டளவில் ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்று இதற்காக அமைந்தது. மரவேலை, உலோகவேலை, மண்பாண்டம், தோல்வேலை என்று பலவற்றை முயன்றார்கள். எல்லாவற்றையும் விடக் கைகொடுத்தது ‘பத்திக்’ என்னும் சாயக்கலை.

பத்திக் என்பது ஜாவாத் தீவிற் பெரும்புகழ் பெற்ற முறை. மதுரைச் சுங்குடிச் சேலையை நீங்கள் அறிவீர்கள். துணியைச் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்தால், முடிச்சுக்குள் சாயம் ஏறாமல் வெண்புள்ளியாக நிற்கும். பத்திக்கில் முடிச்சின் வேலையை மெழுகு செய்கிறது. உருக்கிய மெழுகைத் தூரிகையால் துணியின்மீது வேண்டிய உருவமாகப் பூசுவார்கள். பூசிய இடத்தில் சாயம் பற்றாது. முதலில் மஞ்சள் போன்ற மெல்லிய நிறம்; அது காய்ந்தபின் மஞ்சளாகவே இருக்கவேண்டிய பகுதியை மெழுகால் மூடிவிட்டுச் சிவப்பு; அதன்பின் இன்னும் ஆழ்ந்த நிறம். இவ்வாறு வெளிறியதிலிருந்து கருமைக்குப் படிப்படியாகச் செல்லவேண்டும். சாயநீர் குளிர்ந்ததாய் இருக்கவேண்டும். சூடாக இருந்தால் மெழுகு உருகி வேலை கெட்டுவிடும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். பாரபின் மெழுகோ வெடிக்கும். இரண்டையும் கலந்து பூசித் துணியைக் கசக்கினால், வெடிப்புகளின் வழியே சாயம் இறங்கி, இலை நரம்பு போன்ற நுண்கோடுகள் தோன்றும். அக்கோடுகளை எவரும் திட்டமிட்டு வரைய முடியாது. கடைசியில் மெழுகை வெந்நீரிலோ சூடான இஸ்திரிப் பெட்டியாலோ நீக்கிவிட்டால் ஓவியம் வெளிப்படும். ஓவியப் பயிற்சியுள்ள கைகள் செய்த வேலையாதலால், அவர்களுடைய பத்திக் துணிகளை மக்கள் விரும்பி வாங்கினார்கள்.

அவ்விற்பனையில் சேர்ந்த பணத்தைக் கொண்டே நிலம் வாங்கத் துணிந்தார்கள். 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் எட்டுப் பத்து ஏக்கர் மணற்பாங்கான பூமி அவர்களுடையதாயிற்று. முப்பது நாற்பது கலைஞர்கள் பங்காளிகளாகச் சேர்ந்தார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைந்து செல்லும் கார்களையும், இருமருங்கும் எழுந்துள்ள மாளிகைகளையும் காண்பவர்களுக்கு அன்றைய நிலையை உணர்த்துவது கடினம். சாலை நல்லதாய் இல்லை, மின்விளக்கு இல்லை, மணலும் சவுக்கும் காற்றுமே இருந்தன. அங்கே முதலிற் குடியேறியவர்கள் ஓலைக் குடிசைகளிலே தங்கினார்கள். மறு ஆண்டு பணிக்கர் முதல்வர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1977இல் மறையும்வரை அவர் அச்சிற்றூரின் தந்தைபோல் விளங்கினார்.

சோழமண்டலத்தில் வாழ்ந்தவர்கள் ஒரே அச்சில் வார்த்த பதுமைகள் அல்லர். பணிக்கரே அக்காலத்தில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையை வரைந்துகொண்டிருந்தார். மலையாள எழுத்துகளும், கணக்குக் குறிகளும், சாதகக் கட்டம் போன்ற கட்டங்களும் நெருங்கிக் கிடக்கும் படங்கள் அவை. படிக்க முயன்றால் பொருள் தராதவை, பார்த்தால் கண்ணை விடாதவை. சுல்தான் அலி பழங்குடி மக்களின் உருவங்களிலிருந்து தம் ஓவியத்துக்கு உயிர் பெற்றார். ஹரிதாசன் தாந்திரீக வடிவங்களை நாடினார். பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் தகடாக்கி ஒட்டி, முன்னிருந்து பார்க்கத்தக்க உலோகச் சிற்பங்களைப் படைத்தார். அவர் 2017இல் மறைந்தார். வாசுதேவ், அர்னவாஸ், சேனாதிபதி, நந்தன், கோபிநாத், டக்ளஸ் என்று இன்னும் பலரைச் சொல்லலாம். ராமானுஜம் என்னும் இளைஞர் கறுப்பு மையால் வரைந்த கனவு நகரங்கள் தனியே ஓர் உரைக்கு உரியவை. யாளிகளும் பாம்புகளும் மாடங்களும் நிறைந்த அவ்வுலகத்தில் தொப்பியணிந்த சிறு மனிதனாகத் தம்மையும் வரைந்துகொண்டார். உலகியலிற் பழகத் தெரியாத அவருக்கு, இப்படி ஓர் ஊர் இல்லாதிருந்தால் படங்கள் பிறந்திருக்குமா என்பதே ஐயம். அந்த ஊராலும் அவரை நெடுநாள் காத்துக்கொள்ள முடியவில்லை; 1973இல் இளமையிலேயே மறைந்துவிட்டார்.

நிற்க. நிகழ்ச்சிகளுக்கு வருவோம். ஓவியர்கள் தங்களுக்கென்று கூடம் ஒன்றை எழுப்பி அதில் தங்கள் படைப்புகளை நிரந்தரமாக வைத்தார்கள். பிற நகரங்களிற் குழுவாகக் கண்காட்சிகள் நடத்தினார்கள். முற்போக்கு ஓவியர் சங்கத்தின் சார்பில் 1961 முதல் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்னும் இதழும் வெளிவந்தது. படத்தைக் காட்டினால் போதாது, அதைப் பற்றிப் பேசும் மொழியையும் தாமே உண்டாக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. மரங்களுக்கிடையே திறந்தவெளி அரங்கு ஒன்றும் அமைந்தது. அதற்குப் பாரதியின் பெயர். அங்கே கவிதை வாசித்தார்கள், ஆடினார்கள், பாடினார்கள், நாடகம் நடித்தார்கள். ஓவியக் கூடத்துக்கு அருகிலே நாடக மேடை எதற்கு என்று கேட்பவர் உண்டு. நம் கோயில்களில் சிற்பமும் சுவரோவியமும் இருக்கும் மண்டபத்திலேயே ஆடலும் பாடலும் நிகழ்ந்தன. அவற்றைத் தனித்தனி அறைகளில் அடைத்தது பிற்காலத்து ஏற்பாடு. 1977இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையைச் சுற்றியும் ஓவியர்கள் பலர் இருந்ததற்கு இதுவே காரணம். தெருக்கூத்தைக் கண்டு மயங்கிய எழுத்தாளரும், கோலத்தையும் கோபுரத்தையும் கண்டு மயங்கிய ஓவியரும் ஒரே தேடலில் இருந்தார்கள்.

கலைஞர்களே நடத்தும் இடத்துக்குக் குறைகள் இல்லையோ என்றால், உண்டு. நண்பர்களே நடுவர்களாக அமரும்போது, ‘உன் படம் நன்றாக இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வது அரிது. இன்று அவர் படத்தை நான் ஏற்றால், நாளை என் படத்தை அவர் ஏற்பார் என்ற மனப்பான்மை எளிதில் நுழைந்துவிடும். வெளியே இருக்கும் இளைஞனுக்கு, அக்கூட்டமே ஒரு புதிய சலோனாகத் தோன்றலாம். கணக்கு எழுதுவது, கூரை மாற்றுவது, தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பது ஆகிய வேலைகளும் ஓவியன் தலையிலேயே விழும். கூட்டு நிர்வாகத்தில் எத்தனை மாலைப்பொழுதுகள் வாக்குவாதத்திற் கழியும் என்பது, உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு விளங்கும்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். பம்பாயிலும் தில்லியிலும் கலை வாணிபம் பெருகிய காலத்தில், சென்னை ஓவியர்களை அவ்வூர்களின் விற்பனைக் கூடங்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. சந்தையின் தயவில் மட்டும் இருந்திருந்தால் அவர்களிற் பலர் எழுபதுகளிலேயே தூரிகையைக் கீழே வைத்திருப்பார்கள். மெழுகும் சாயமும் அவர்களைக் காத்தன. பாரிஸ் ஓவியர்கள் முதலில் கண்காட்சி வைத்தார்கள், பிறகு செலவைப் பற்றி எண்ணினார்கள். ஈஞ்சம்பாக்கத்தார் முதலில் உலையில் அரிசியைப் போட்டார்கள், பிறகு கண்காட்சி வைத்தார்கள். முன்னது ஓராண்டில் கலைந்தது. பின்னது அறுபது ஆண்டை எட்டிவிட்டது. என் கருத்தில் பணிக்கரின் மிகச் சிறந்த படைப்பு அவர் வரைந்த எந்தப் படமும் அன்று, இந்த ஏற்பாடேயாகும். இதனை ஏற்காத ஓவியர்கள் இருப்பார்கள்.

காலம் செல்லச் செல்ல, ஓவியங்களே விலைபோகத் தொடங்கின. கைவினையின் இடம் சுருங்கிற்று. அப்போது பொதுக் காரியங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற பழைய முடிச்சு மீண்டும் எழுந்தது. 2009இல் திறக்கப்பெற்ற சோழமண்டலம் சமகாலக் கலை மையத்தில் அதற்கு விடை காணலாம். அங்கே சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளைக் கொண்ட நிரந்தர அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அதில் உள்ளவை விற்பனைக்கு அல்ல. அதனோடு லபர்னம், இண்டிகோ என்று இரண்டு கூடங்கள் உண்டு. அவ்விரண்டும் வெளியூர்க் கலைஞர்கள் உட்பட யாவரும் வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி நடத்தத்தக்கவை. இண்டிகோ என்பது அவுரி. நீலச் சாயம் தரும் செடி. சாயத்தால் பிழைத்த ஊரில் ஒரு கூடத்துக்கு அப்பெயர் வாய்த்தது பொருத்தமே. வாடகைக் கூடம் சம்பாதிக்கிறது. அருங்காட்சியகம் தன் இயல்பில் இருக்கிறது. அரை நாள் பத்திக், அரை நாள் ஓவியம் என்ற அதே பங்கீடு, இப்போது கட்டடத்தின் அமைப்பாக மாறியிருக்கிறது. அத்துடன், வாடகைக் கூடத்தின் கதவு வழியே புதியவர்களின் படங்களும் உள்ளே வருகின்றன.

தீராத கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. நிலம் வாங்கிய தலைமுறையில் பெரும்பாலோர் மறைந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் ஓவியர்களாக இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. மணற்காடாக இருந்தபோது எவரும் கேளாத அந்த நிலத்தின் விலை, இன்று சாதாரண ஓவியன் கனவிலும் எட்ட முடியாதது. இருபது வயது இளைஞன் ஒருவன் இன்று அனுமந்தன்பட்டியிலிருந்து சென்னைக்குச் சென்று கவின்கலைக் கல்லூரியிற் படித்து முடித்தால், அவனுக்கு ஈஞ்சம்பாக்கத்தில் மனை கிடைக்காது. அவனும் அவன் தோழர்களும் வேறு மணலைத் தேடவேண்டும். மெழுகுக்கு ஈடான வேறொரு பிழைப்பையும் தேடவேண்டும்.

விடுமுறையில் சென்னை செல்லும் மாணவர்கள், கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் செல்லும் வழியில் இறங்கி அவ்வூரைப் பார்க்கலாம். நுழைந்ததும் மரநிழலில் கற்சிற்பங்கள் நிற்கும். உள்ளே பணிக்கரின் எழுத்தோவியமும், சுல்தான் அலியின் காளையும், ராமானுஜத்தின் கனவு நகரமும் அருகருகே காணக்கிடைக்கும். ஒவ்வொன்றின் கீழும் சிறு அட்டையில் செய்தவரின் பெயர் எழுதியிருக்கிறது. கூடத்தை விட்டு வெளியே வந்து சற்று நடந்தால், அவர்களுடைய வீடுகள்.